உப்பு மட்டும் அவர் கை

ஒரு கிலோ பூண்டை முன்னால் கொட்டிக்கொண்டு, நகக்கண் எரிய எரிய உரித்துக்கொண்டிருந்தாள் அலர்மேல்மங்கை. ஐம்பத்திரண்டு வயதில் இது அவளுக்குப் புது வேலை. உரித்த பல்லைவிடத் தோல்தான் அதிகமாகக் குவிந்தது.

திருவள்ளூரில் அந்த வீட்டுக்குள் வெங்காயமே நுழையாது. பூண்டு நுழைகிறதென்றால் ஒரே ஒரு காரணம்தான், பிள்ளை பெற்றவளுக்கு மருந்து. அந்த அடுப்பில் கடைசியாகப் பூண்டு வதங்கியது இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், மகள் ஸ்ரீவாணி பிறந்தபோது. இப்போது ஸ்ரீவாணிக்கே பிள்ளை பிறந்து இருபத்தெட்டு நாள் ஆகிறது.

வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்கு மிச்சக் கதை தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஸ்ரீவாணி ஊத்துக்கோட்டைப் பக்கத்து வசந்தகுமாரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர்கள் நெல் விளைவிக்கிற குடும்பம். பையனுக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி ஆலையில் ஷிப்ட் வேலை. கோயில் மடைப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை என்கிற நைவேத்தியச் சமையல் செய்கிற அவள் அப்பா தேவராஜன், "இனிமே அவ பேச்சு இந்த ஆத்துல வேண்டாம்" என்று ஒரே ஒரு தரம் சொன்னார். அதோடு அந்தப் பெயர் அந்த வீட்டில் நின்றுபோனது.

மங்கை புருஷன் சொல் தட்டாதவள். பேச வேண்டாம் என்றார், வீட்டுக்குள் பேசவில்லை. மகளோடு போன் பேச அடுத்த வீட்டு சுமலதாவின் மொட்டை மாடிக்குப் போனாள். பிள்ளை பிறந்த சேதியையும் அங்கேதான் கேட்டாள், அங்கேயே அழுதாள், அங்கேயே சிரித்தாள், கீழே இறங்கி வந்து ஒன்றும் நடக்காதவள்போல் அரிசி களைந்தாள். சமைக்க வேண்டாம் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அந்த இடைவெளிக்குள் மங்கை முழு உடம்போடு நுழைந்துகொண்டாள்.

வாணியின் மாமியார் குப்பம்மாள் பதினைந்து நாள் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். அப்புறம் நடவு வந்துவிட்டது, ஆள் கிடைக்காத காலம், ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. வசந்தகுமார் ஷிப்டுக்குப் போனால் கும்மிடிப்பூண்டி வீட்டில் வாணியும் பச்சைக் குழந்தையும் மட்டும்தான். இரண்டு நாள் அவள் பாலும் பிஸ்கட்டுமாக ஓட்டிவிட்டாள் என்று தெரிந்ததும் மங்கை சுமலதாவிடம்தான் போய் நின்றாள்.

"ஃப்ரீசர்ல வெச்சு அனுப்பலாம் மாமி" என்றாள் சுமலதா. பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எதைச் சொன்னாலும் கரும்பலகையில் எழுதுகிற மாதிரி சொல்லுவாள். "மேல் ரூம்ல பையனோட பழைய ஃப்ரிட்ஜ் சும்மா கெடக்கு. அதுல முட்டைகூட வெச்சதில்ல."

மங்கை அதற்கு மேல் விசாரிக்கவில்லை. சில விஷயங்களைத் தோண்டிக் கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

காலையில் செய்ததை ராத்திரி சாப்பிடவே யோசிக்கிற வீட்டில் வாழ்ந்தவள். அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் பால், தயிர், பூ தவிர வேறொன்றும் ஏறியதில்லை. சமைத்ததை ஐஸில் வைப்பதா என்று முதல் நாள் அவள் மனசு கூசியது. இரண்டாம் நாள் அந்தக் கூச்சம் போன இடம் தெரியவில்லை. மணிக்கொரு தரம் மாடிக்கு ஏறிப்போய்க் கதவைத் திறந்து பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்த குழம்பு ஒட்டிக்கொண்டது, அப்புறம் கூழானது, அப்புறம் கல்லானது. டப்பாவைக் காதண்டை வைத்துத் தட்டிப் பார்த்துச் சின்னப் பெண் மாதிரி சிரித்தாள்.

"சும்மா சும்மா கதவத் தொறந்தா அது எப்ப மாமி உறையும்?" என்று சுமலதா அதட்டினாள்.

நாலு நாளில் மங்கை நிறையக் கற்றுக்கொண்டாள். விளிம்பு வரை ஊற்றினால் உறையும்போது பொங்கி மூடியைத் தள்ளிவிடுகிறது, ஒரு விரல்கடை இடம் விட வேண்டும். ஆறாமல் உள்ளே வைத்தால் மூடியெல்லாம் வியர்த்துப் பனியாகிறது. உருளைக்கிழங்கு பஞ்சாகிறது, முருங்கைக்காய் நாராகிறது. கீரை மசியலும் பருப்பும் சமர்த்தாகத் திரும்பி வருகின்றன. இட்லியோ இட்லிப் பானையில் மறுபடி ஏற்றினால் அப்போதுதான் வெந்ததுபோல் ஆவி விடுகிறது. சாத்தமுது, அதாவது ரசம், உறையுமா என்று அவள் கேட்டதற்கு, "தண்ணி உறையுமா மாமி?" என்று சுமலதா திருப்பிக் கேட்டாள்.

போன சனிக்கிழமை பதினாலு டப்பா போயிற்று. இன்றைக்குப் போகப் பன்னிரண்டு மாடியில் கல்லாகக் காத்திருந்தது. அடுப்பில் இப்போது கொதிப்பது அடுத்த வாரத்துக்கான பூண்டுக் குழம்பு. இதுவரை பூண்டையெல்லாம் சுமலதா வீட்டு அடுப்பில்தான் செய்தாள். இன்று காலை அங்கே கேஸ் தீர்ந்துவிட்டது. தேவராஜன் கோயிலிலிருந்து வரப் பதினொரு மணியாகும், அதற்குள் முடித்து ஜன்னலைத் திறந்து சாம்பிராணி போட்டுவிடலாம் என்று துணிந்து தன் அடுப்பிலேயே ஏற்றிவிட்டாள்.

ஒன்பதரைக்கு ஈஸ்வரி வந்தாள். வசந்தகுமாரின் தங்கை. திருவள்ளூரில் ரத்தப் பரிசோதனை செய்கிற லேபில் வேலை. சனிக்கிழமைகளில் லீவு போட்டு டப்பாக்களைப் பஸ்ஸில் அண்ணன் வீட்டுக்குச் சுமந்துபோகிறவள் அவள்தான், நடுவில் ஒன்றிரண்டு ராத்திரி அண்ணியோடு தங்கிவிட்டும் வருவாள். தோளில் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி.

மங்கை பெட்டியைச் சந்தேகமாகப் பார்த்தாள். "ஈஸ்வரி, இது ரத்தம் வெச்ச பெட்டியாம்மா?"

"ஐயோ, புச்சு அத்தே! இப்பதான் கவரப் பிரிச்சேன். உள்ள ஐஸ் பாக்கெட்டு வெச்சிக்கினு வந்துகிறேன், அஞ்சு மணி நேரத்துக்கு ஒண்ணும் ஆவாது."

ஈஸ்வரி கழுவி எடுத்துவந்த காலி டப்பாக்களைத் தரையில் அடுக்கினாள். அடுக்கி முடித்தும் எழுந்திருக்காமல் ஒரு மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?"

"கேளேன்."

"உங்க ஆளுங்கள்ல புள்ள பெத்தவங்களுக்கு உப்பே குடுக்க மாட்டாங்களா?"

மங்கைக்குப் புரியவில்லை. "ஏன் குடுக்காம? குறைச்சுக் குடுப்பா. யாரு சொன்னா?"

"இல்ல, எங்கம்மா நடுவுல ஒரு நாள் கும்மிடிப்பூண்டிக்கு வந்துச்சு. கீரைய ஒரு வாய் வெச்சுப் பாத்துட்டு, 'இன்னாடி இது, சொட்டு உப்பில்ல, கோயில்காரங்க பத்தியம் போலக்குது, நாம ஒண்ணும் பேசக்கூடாது'ன்னுச்சு. அதான் கேட்டேன்."

"கீரையில உப்பு இல்லையா?"

"எதுலயுமே இல்ல அத்தே. பதினாலு டப்பாலயும்."

பூண்டுத் தோலை வாரிக்கொண்டிருந்த மங்கையின் கை அப்படியே நின்றது.

உப்பு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அந்த வீட்டில் உப்பு போடுவது தேவராஜன். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், புதுப்பெண் மங்கை குழம்பில் இரண்டு தரம் உப்பைப் போட்டுவிட்டாள். பெருமாளுக்குப் படைத்துக் கண்டருளப் பண்ணுவதற்கு முன் எதையும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பதால் இலையில் பரிமாறியபோதுதான் தெரிந்தது. மாமனார் முகம் சுளித்தார், மங்கை அழுதாள். "உப்பை நான் பாத்துக்கறேன்" என்றார் தேவராஜன். மடைப்பள்ளியில் அண்டா அண்டாவாக ருசி பார்க்காமலே உப்புப் போடுகிற கை அது, ஒரு கல் கூடாது, ஒரு கல் குறையாது.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். அவள் எல்லாவற்றையும் செய்து இறக்கி வைப்பாள். அவர் வந்து கால் அலம்பிக்கொண்டு, ஜாடியிலிருந்து எடுத்துப் போட்டுக் கலக்கிப் பெருமாள் முன்னால் கொண்டுபோய் வைப்பார். சமையலில் உப்பு என்று ஒரு வேலை இருப்பதையே அவள் கை மறந்துவிட்டது. கணவருக்குத் தெரியாமல் செய்த பதினாலு டப்பாவிலும் உப்பு இல்லாமல் போனதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை. பெருமாளுக்குக் காட்டாததை அவள் ருசி பார்க்கவும் இல்லை. சுமலதாவோ, மாமி போட்டிருப்பாள் என்று மூடியை மூடிவிட்டாள்.

"வாணி ஒரு வார்த்தை சொல்லலையேடி! போன்ல நன்னா இருக்கும்மா, நன்னா இருக்கும்மான்னு சொன்னாளே!"

"அண்ணி உப்பு போட்டுக்கவும் இல்ல அத்தே. நான் உப்பு டப்பாவ எடுத்துக்கினு போனேன், வேணாம்னுடுச்சு." ஈஸ்வரி குரலைத் தாழ்த்தினாள். "ஒவ்வொரு டப்பாவயும் காய வெச்சதும் மொதல்ல விரலால தொட்டு நாக்குல வெச்சுப் பாக்கும். பாத்துட்டு, 'இதுலயும் இல்ல'ன்னு சொல்லும். அப்புறம்தான் சாப்புடும். எனக்கு ஒரே கொழப்பம். இன்னா அண்ணி தேடுறேன்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"'உப்பு இருந்துச்சுன்னா எங்கப்பா அடுப்பண்ட வந்தாருன்னு அர்த்தம் ஈஸ்வரி'ன்னுச்சு."

மங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெண்ணின் வயிற்றுக்கென்று அவள் அனுப்பிய பதினாலு டப்பாவிலும், அப்பா வரவில்லை, அப்பா வரவில்லை என்ற சேதிதான் போயிருக்கிறது. பால் கொடுக்கிறவள் அதைப் பதினாலு வேளை விழுங்கியிருக்கிறாள். மாடியிலிருக்கும் பன்னிரண்டிலும் இதே கதைதான், கல்லாக உறைந்ததில் இனி என்ன செய்ய முடியும்?

"இந்தக் கொழம்பு இன்னும் அடுப்புலதானே கீது?" என்றாள் ஈஸ்வரி. "இதுல போட்டுருங்க அத்தே. ஒரு டப்பா சூடா ஊத்திக் குடுங்க, கையோட எடுத்துக்கினு போறேன். அண்ணி சந்தோஷப்படும்."

மங்கை எழுந்தாள். உப்பு ஜாடி மேல் தட்டில் இருந்தது, அவருடைய கைக்கு எட்டுகிற உயரத்தில். முக்காலி போட்டு ஏறி எடுத்தாள். கல் உப்பை ஒரு பிடி அள்ளினாள். அள்ளிய கை குழம்புக்கு மேலே போய் நின்றுவிட்டது.

இவ்வளவு பெரிய பாத்திரத்துக்கு எவ்வளவு போட வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. அதுகூடப் பெரிதில்லை. இதைப் போட்டால் வாணி விரலில் தொட்டுப் பார்த்து, அப்பா மனசு இறங்கிவிட்டது என்று நம்பிவிடுவாள். நாளைக்கே போன் போட்டாலும் போடுவாள். அவர் போனை எடுக்காமல் விட்டால்? எடுத்து, யாரது என்று கேட்டால்? பெற்ற பெண்ணைப் பசியிலிருந்து காப்பாற்றப் போய்ப் பொய்யை ஊட்டுவதா? போடாவிட்டாலோ, இதுலயும் இல்லை என்று இன்னொரு வாரம்.

"இன்னா அத்தே யோசிக்கிறீங்க?"

"பொய்யாயிடும்மா" என்றாள் மங்கை.

அப்போதுதான் வாசல் கதவு திறந்தது.

தேவராஜன் அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டார். உபயதாரர் ஊரிலிருந்து வரவில்லை, ஒரு தளிகை ரத்து. வேட்டியும் நெற்றியில் திருமண்ணுமாக உள்ளே வந்தவர் கூடத்திலேயே நின்றார். முப்பத்தைந்து வருஷம் மடைப்பள்ளிப் புகையில் பழகிய மூக்கு. நெய்யில் எது வதங்குகிறது, எண்ணெயில் எது வதங்குகிறது என்று தெருமுனையிலேயே சொல்லுவார். நல்லெண்ணெயில் பூண்டு வதங்கினால் சொல்லாமல் இருப்பாரா?

சமையலறையான தளிகை உள்ளின் வாசற்படிக்கு வந்து பார்த்தார். மனைவி முக்காலியண்டை ஒரு பிடி உப்போடு நின்றாள். தரையில் காலி டப்பாக்கள், ஒரு வெள்ளைப் பெட்டி, முன்பின் பார்த்தறியாத ஒரு பெண்.

"என்னது இது?"

"சுமலதாவாத்துல கேஸ் தீந்துடுத்து. அதான் அவளுக்கு…" என்று மங்கை இழுத்தாள்.

"சுமலதாவுக்கா பூண்டு?"

"ம்."

"அவ ரிட்டையர் ஆகியே வருஷமாறதேடி."

அவர் ஈஸ்வரி பக்கம் திரும்பினார். "நீ யாரும்மா?"

"நான் ஊத்துக்கோட்டைங்க" என்றாள் ஈஸ்வரி. பொய் சொல்லத் தெரியாத பெண். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்து, கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள்.

திட்டு விழும் என்று மங்கை காத்திருந்தாள். பெண் போகிறேன் என்று நின்ற அந்தச் சாயங்காலம் அவர் குரல் எப்படிக் கிழிந்தது என்பதை அவள் இன்னும் மறக்கவில்லை. டப்பா, குழம்பு, ஈஸ்வரியின் வரத்து எல்லாம் இன்றோடு முடிந்தது, மறுபடி பிஸ்கட்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

தேவராஜன் குனிந்து பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"இதுல என்ன வெப்பா?"

"ஐஸ் பாக்கெட்டுங்க. நடுவுல சாப்பாட்டு டப்பா. கல்லு மாதிரி இருக்கும், தட்டுனா சத்தம் வரும்."

"குழம்பா? கல்லாவா?"

"ஆமாங்க."

"திரும்பக் காய்ச்சினா திரிஞ்சு போகாதோ?"

"தேங்கா அரைச்சு ஊத்துனா தண்ணி தனியா, திப்பி தனியா நிக்குங்க. பூண்டுக் கொழம்புக்கு ஒண்ணும் ஆவாது. அப்டியே கீது."

அவர் யோசித்தார். நாளைக்கு ஐந்நூறு பேருக்குத் தளிகை என்று யாராவது சொன்னால் எப்படி யோசிப்பாரோ, அப்படி. இந்த மனுஷர் எதற்காக இவ்வளவு கேட்கிறார் என்று மங்கைக்கு விளங்கவில்லை.

"உப்பு?" என்றார். "ஐஸ்ல வெச்சா உப்பு ஏறுமா, எறங்குமா?"

ஈஸ்வரி மங்கையைப் பார்த்தாள். மங்கை வேண்டாம் என்று கண்ணைக் காட்டுவதற்குள் பதில் வந்துவிட்டது.

"தெர்லீங்களே. இது வரிக்கும் வந்ததுல உப்பே இல்ல."

இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று மங்கைக்குத் தோன்றியது. இரண்டு வருஷமாக வாயைப் பூட்டி வைத்திருந்தவளுக்குத் திடீரென்று கோபம் வந்தது, அழுகையும் கூடவே வந்தது.

"பதினாலு டப்பா! ஒண்ணுலயும் உப்பில்லை. உங்க கை படாம நான் என்னிக்கு உப்பைத் தொட்டேன், ஞாபகம் வரதுக்கு? அவ அப்படியே சாப்ட்டிருக்கா. ஒவ்வொண்ணுலயும் விரலை விட்டுப் பாத்துட்டு, இதுலயும் அப்பா இல்லைன்னு சொல்லிட்டுச் சாப்ட்டிருக்கா. இன்னும் பன்னெண்டு டப்பா அதே மாதிரி மாடியில இருக்கு. போறுமா?"

மகளைக் குறித்து 'அவ' என்ற சொல் அந்தத் தளிகை உள்ளில் அவர் காதில் இரண்டு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் விழுந்தது.

தேவராஜன் திரும்பிக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். மங்கை பிடித்திருந்த உப்பை ஜாடியிலேயே போட்டுவிட்டு அடுப்பை அணைக்கப் போனாள்.

"அணைக்காதே" என்று கொல்லையிலிருந்து குரல் வந்தது. குழாயில் தண்ணீர் விழுந்தது. கால் அலம்பிக்கொண்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கரண்டியை வாங்கி அடியிலிருந்து ஒரு தரம் கிளறி, பாத்திரத்தின் ஆழத்தைப் பார்த்தார். ஜாடிக்குள் கையை விட்டார். முதல் பிடி விழுந்தது. இரண்டாவதைப் பாதி கையிலேயே நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை ஜாடியில் உதறினார்.

"இவ்ளோ பெரிய பாத்திரத்துக்கு இது போறுமா?" என்று மங்கை தன்னை மறந்து கேட்டாள்.

"பிள்ளை பெத்தவளுக்கு அரை உப்புதான். உனக்குப் போட்டது மறந்துடுத்தா?"

ஈஸ்வரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "நான் போய் மாடில இருக்கறத எடுத்தாறேன் அத்தே" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுமலதா வீட்டுக்கு ஓடினாள். போகிற வேகத்தில் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டாள்.

மங்கை ஒரு டப்பாவைத் துடைத்து எடுத்தாள். இன்றைக்குப் போவது சூடாகவே போகட்டும். விளிம்பிலிருந்து ஒரு விரல்கடை விட்டு ஊற்றினாள், இது உறையப்போவதில்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அவர் பக்கத்திலேயே நின்றார். ஏதாவது சொல்லுவார், பார்க்கப் போகலாம் என்பார், அல்லது இதோடு நிறுத்திக்கொள் என்பார் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

அவர் ஜாடியை மூடி மேல் தட்டில் வைத்தார். முக்காலியை அதன் இடத்துக்குத் தள்ளினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டார்.

"அன்னிக்கு சாயங்காலம் நாலு மணி பதினாறு நிமிஷம் வரைக்கும் திருவோணம். அப்புறம் அவிட்டம். கொழந்தை எத்தனை மணிக்குப் பொறந்தது?"

"மூணு பத்துக்கு" என்றாள் மங்கை.

"அப்போ திருவோணம்தான்" என்றார். தலையை இரண்டு தரம் ஆட்டிக்கொண்டார். வேறொன்றும் கேட்காமல் பெருமாள் உள்ளுக்குப் போய்விட்டார்.

மங்கை டப்பாவின் மூடியை அழுத்தினாள். நாலு மூலையும் படிந்ததா என்று தடவிப் பார்த்தாள். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

எந்தத் தேதி என்று அவர் கேட்கவே இல்லை. பிள்ளை பிறந்ததையே அவள் இந்த வீட்டுக்குள் யாரிடமும் சொன்னதில்லை. பஞ்சாங்கத்தில் நிமிஷம் வரைக்கும் பார்த்து வைத்திருக்கிற மனுஷருக்கு அந்த நாள் யார் சொல்லித் தெரிந்தது?